ஜூன் ஒன்றில் பிறந்தவள்

அத்தியாயம் 6

பனிமுகடு ரிசார்ட்டின் கேட்டில் காவலுக்கு நின்ற பழனிச்சாமி, கையிலிருந்த டேப்லெட்டை இருவர் முகத்துக்கும் நேராக நீட்டினார்.

“பேரு, போன் நம்பரு, போட்டோ. மூணும் குடுத்தாத்தான் கேட் தெறக்கும்.”

“என்னையப் பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலண்ணே,” என்றாள் ஜெயப்பிரியா. சொல்லிவிட்டு முகத்தைக் கொடுத்தாள். வேறு வழியில்லை.

பக்கத்தில் ஆக்னல் தொப்பியைக் கழற்றிவிட்டு, பாஸ்போர்ட் ஆபீசில் போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி விறைப்பாக நின்றார். மனிதர் போலீசில் இருந்தவரல்ல. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருஷம் சேர்க்கைப் பதிவேடு எழுதியவர். பெற்றோர் சொல்லும் பொய்யையும் பிள்ளைகள் சொல்லும் பொய்யையும் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துவிட்டது. ஓய்வு பெற்றதும் அந்தக் காதையே முதலாக வைத்து, மூஞ்சிக்கல் கடைவீதியில் ஒரு மாடியறை பிடித்துத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தார்; உதவிக்கு ஜெயப்பிரியா. வருகிற கேஸ்களில் பத்துக்கு ஒன்பது, வீட்டுக்குத் தெரியாமல் ரூம் எடுத்த ஜோடிகள். மீதி ஒன்று காணாமல் போன நாய்.

ரெஜினாவின் கேஸ் இரண்டிலும் சேராது.

முந்தின நாள் காலை பள்ளங்கியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். முப்பது வயது. கேரட் கழுவுகிற வேலை. மாடிப்படி பதினெட்டு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் நாற்காலியில் அமர்ந்து, மூச்சு திரும்பியதும் சொன்னது ஒரே வாக்கியம். “நான் காட்டிக்குடுக்கலேன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க சார்.”

அவளுக்கு உலகத்தில் இருந்தது ஓர் அக்காதான், புஷ்பமேரி. வத்தலக்குண்டில் கட்டிக்கொண்ட சவரிமுத்துவின் அடி தாங்காமல், நாலு வருஷத்துக்கு முன் உடுத்திய துணியோடு கிளம்பி மலையேறியவள். இதே ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தாள். சிம் கார்டை மாற்றினாள். இருக்கும் இடத்தை ரெஜினா ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். இந்த ஜூன் ஒன்றாம் தேதி, வேலை முடிகிற நேரம் பார்த்து, சவரிமுத்து கையில் கேக்கோடு இந்த கேட்டில் வந்து நின்றான். கேக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் வலது மணிக்கட்டை முறித்தான். போலீஸ் பிடித்தது, ஜாமீனில் வந்துவிட்டான். மூன்றாம் நாள் புஷ்பமேரி மாவுக்கட்டோடு பள்ளங்கிக்குப் போய், வாசலில் நின்றபடியே தங்கையிடம் சொன்னாள். “உனக்கு மட்டுந்தான்டி தெரியும். எம் மூஞ்சியிலயே முழிக்காத.” அதோடு போனவள்தான். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

நாளை மறுநாள் மதுரையில் ரெஜினாவுக்கு இருதய வால்வு ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் அக்காவுக்கு உண்மை தெரியவேண்டும். முடிந்தால் அக்கா வந்து தலைமாட்டில் நிற்கவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

“அண்ணே, அன்னிக்கு வந்த கேக் என்னாச்சு?” ஆக்னல் பழனிச்சாமியைக் கேட்டார்.

“கேக்கை நாய் தின்னுருச்சு. பெட்டி நல்ல அட்டைன்னு நாந்தான் எடுத்து வச்சுக்கிட்டேன்.”

காவல் கூண்டுக்குள் அந்தப் பெட்டி இருந்தது. உள்ளே வெற்றிலை, ஒரு டார்ச், பாதி பிஸ்கட் பாக்கெட். ஆக்னல் எல்லாவற்றையும் மரியாதையாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, மூடியைத் திருப்பினார். அச்சடித்த சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் புஷ்பமேரி! 01 ஜூன். அன்புடன், உங்கள் டீம்கூடு குடும்பம்.’ அதற்குக் கீழே ஒரு கோயம்புத்தூர் போன் நம்பர்.

“டீம்கூடுன்னா?”

“இங்க எல்லாருக்கும் வருகை போடுற ஆப் சார்,” என்றார் பழனிச்சாமி. “மூஞ்சியக் காட்டுனா சம்பளம். காட்டலேன்னா லீவு.”

ஆக்னல் அங்கேயே நின்று ரெஜினாவுக்குப் போன் போட்டார். “தாயி, உங்க அக்கா பொறந்த நாள் என்னிக்கு?”

“செப்டம்பர் எட்டு சார். மாதா பொறந்த நாளு. அதுனாலதான் மேரின்னு வச்சாக. ஏன் சார்?”

“சும்மாதான்.” போனை வைத்தவர் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம். “ஏம்மா ஜெயா, அந்தக் காலத்துல ஒண்ணாப்புல எப்படிச் சேர்ப்பாங்க, தெரியுமா? வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடச் சொல்லுவோம். தொட்டுட்டா அஞ்சு வயசு. கணக்குப்படி மூணு மாசம் நாலு மாசம் கொறஞ்சா? ஹெட்மாஸ்டர் ‘ஜூன் ஒண்ணுன்னு போடுய்யா’ம்பாரு. நான் மட்டும் முந்நூறு பிள்ளைகளை ஜூன் ஒண்ணுல பெத்திருக்கேன்.”

“பிரசவ ஆஸ்பத்திரிகூட இப்படி நடத்தியிருக்காது சார்.”

“காகிதத்துல பொறந்த தேதி அது. வீட்டுல ஒருத்தரும் அன்னிக்கு மிட்டாய்கூட வாங்க மாட்டாங்க. ரெஜினா வாயிலேர்ந்து போன தகவல்னா, கேக்கு செப்டம்பர் எட்டுலதான் வந்திருக்கும். இந்தக் கேக்கு காகிதம் அனுப்புன கேக்கு. அத எவன் சவரிமுத்து கையில குடுத்தானோ, அவன்தான் எடத்தையும் சொல்லியிருக்கான்.”

ஜெயப்பிரியா பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பழனிச்சாமியின் வெற்றிலைக்கு வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே நடந்தார்கள்.

எச்.ஆர். அறையில் கோகுல்ராஜ் என்கிற மதுரைப் பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. புஷ்பமேரி என்ற பேரைக் கேட்டதும் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

“ஊழியர் தகவலை வெளிய குடுக்கக் கூடாது சார். பிரைவசி.”

“வெளிய குடுக்காமத்தான் புருஷன்காரன் கேக்கோட வந்தானா?” ஜெயப்பிரியா பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

அவன் அந்தப் பெட்டியையே பார்த்தான். பிறகு பேசினான், அவர்களிடம் பேசுகிறவன் மாதிரி இல்லை. “நாந்தான் எல்லாரையும் கேட்டுக்கு வரச்சொன்னேன். சர்ப்ரைஸ்னு. அந்தக்கா ஷிப்ட் முடிஞ்சு வரும்போது இருபது பேரு வரிசையா நின்னு கைதட்டிப் பாடுனோம். அவன் கேக்கை முகத்துக்கு நேரா பிடிச்சிருந்தான். அக்காவுக்கு யாருன்னே தெரியல. சிரிச்சுக்கிட்டே கிட்ட வந்தாங்க. அவன் கையைப் பிடிச்சு முறுக்கறப்பவும் பின்னாடி நின்னவங்க தட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. விளையாட்டுன்னு நெனச்சு.”

ஜெயப்பிரியாவுக்கு நாக்கு நுனியில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். அன்றைக்கு அதைத் தேடிப் பார்த்தாள், இல்லை.

“சவரிமுத்துவை நீ கூப்பிட்டியாப்பா?” ஆக்னல் மெதுவாகக் கேட்டார்.

“இல்ல சார், சத்தியமா! ஆப்ல இந்த வருஷந்தான் ‘குடும்ப சர்ப்ரைஸ்’னு ஒரு வசதி வந்துச்சு. இலவசம்னு சொன்னாங்க, டிக் பண்ணேன். மீதியெல்லாம் அதுவா நடக்கும்.”

எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள ஜெயப்பிரியா ஸ்பீக்கரைப் போட்டு, பெட்டியிலிருந்த நம்பரை அழைத்தாள். கேக் அனுப்பும் கம்பெனியில் எடுத்தவள் குரலில் ஒரு கிலோ சர்க்கரை இருந்தது.

“வணக்கம், நான் தாண்டிக்குடியில ஒரு காபி எஸ்டேட்லேர்ந்து பேசுறேன். எங்க ஆளுங்களுக்கும் அந்த சர்ப்ரைஸ் வேணும். டீம்கூடு வாங்குனா நீங்க கூடவே வருவீங்களா?”

“கண்டிப்பா மேடம்! நாங்க அவங்க பார்ட்னர்தான். ஊழியர் பேரு, பிறந்த தேதி, கணவர் நம்பர் எல்லாம் அவங்ககிட்டேர்ந்து எங்களுக்கு வந்துடும். ஒரு வாரம் முன்னாடியே கணவருக்கு, கேக்கை வாங்கிக்கச் சொல்லி லிங்க் போகும். அதுல மனைவியோட போட்டோ, வேலை பார்க்கிற இடம், மேப், அன்னிக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியுதுங்கிற வரைக்கும் இருக்கும்.”

“ஷிப்ட் நேரம் எதுக்கும்மா?”

“மிஸ் ஆகக் கூடாதுல்ல மேடம்!” அவள் உண்மையான சந்தோஷத்தோடு சிரித்தாள். “பிறந்தநாள் மட்டுமில்ல. ஊழியர் வேற கம்பெனிக்கு மாறிச் சேர்ந்தாலும் அன்னிக்கே வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் லிங்க் போயிடும். புது இடத்து மேப்போட.”

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேப்பீங்களா?”

“கேட்டா அப்புறம் எப்படி மேடம் சர்ப்ரைஸ்?”

ஜெயப்பிரியா போனை அணைத்தாள். ஆக்னல் கோகுல்ராஜ் பக்கம் திரும்பினார். “ஓடி வந்த பொம்பள, புருஷன் நம்பரைத் தானா எழுதிக் குடுத்திருக்க மாட்டா. எப்படி வந்துச்சு?”

பையன் கம்ப்யூட்டரைத் திருப்பி, நாலு வருஷத்துக்கு முந்தைய விண்ணப்பத்தைத் திறந்தான். புஷ்பமேரியின் குண்டு குண்டான கையெழுத்து. கணவர் என்ற கட்டத்தில் ஒரு கோடு, அழுத்திப் போட்டது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் ரெஜினா, தங்கை, பள்ளங்கி.

“சர்டிபிகேட் எல்லாம் புருஷன் வீட்டுல கெடக்குன்னாங்க. வயசுக்கு ஏதாவது வேணும்னு கேட்டேன். வேடசந்தூர் மில்லுல வேலை பார்த்தப்ப குடுத்த பி.எஃப். பேப்பர் ஒண்ணு இருந்துச்சு. அதைக் குடுத்தாங்க. அதுல ஜூன் ஒண்ணு இருந்துச்சு. வாரிசுங்கிற எடத்துல சவரிமுத்து பேரும் நம்பரும் இருந்துச்சு.” கோகுல்ராஜ் திரையில் அந்தக் கோட்டை விரலால் தொட்டான். “பேப்பரைப் படிச்சுக் காலியா இருக்கிற கட்டத்தை நிரப்பறதுக்கு டீம்கூடு இன்னொரு கம்பெனியை வச்சிருக்கு சார். அது கோட்டைப் பார்க்கல. காலின்னு நெனச்சு நிரப்பிடுச்சு.”

ஆக்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேஸ் முடிந்துவிட்டது. காட்டிக்கொடுத்தவர் யாருமில்லை, நாலு கம்பெனி கைமாறிய ஒரு காகிதம், அதைக் கொடுத்தவளும் புஷ்பமேரியேதான். இனி அவளைக் கண்டுபிடித்து இதைச் சொல்லவேண்டியதுதான் பாக்கி.

“அந்தக்கா இப்ப எங்கன்னு உனக்குத் தெரியுமா?” ஜெயப்பிரியா கேட்டாள்.

கோகுல்ராஜ் தயங்கி, திரையின் மூலையிலிருந்த சிவப்புப் புள்ளியைத் தொட்டான். “நேத்து சாயங்காலம் வந்தது. புதுசா சேர்ந்த எடத்துலயும் டீம்கூடுதான். அக்காவோட ஃபைலை எங்ககிட்ட கேக்குறாங்க. நான் ஒத்துக்கிட்டா எடத்தோட பேரு தெரியும்.”

“பேரைப் பார்த்துட்டு அப்புறம் ஒத்துக்கலாமே?”

“மறைச்சிருக்காங்க. பிரைவசி.”

“அடப்பாவிகளா! புருஷனுக்கு ஷிப்ட் டைம் வரைக்கும் சொல்லும், உனக்கு ஊர்ப்பேரைச் சொல்லாதா?”

“ஒத்துக்கிட்டா முழு ஃபைலும் போகும் மேடம். வேலைய விட்டவங்க ஃபைல் பூட்டிடும், எதையும் திருத்த முடியாது. அந்த நம்பரும் கூடவே போகும். அன்னிக்கே அந்த ஸ்வீட் பாக்ஸ்…” அவன் முடிக்கவில்லை. “நிராகரிச்சா ஃபைல் அப்படியே செத்துடும். அவங்க அங்க புதுசா சேர்ந்துக்கணும். நாலு வருஷ அனுபவம் போகும். எந்த ஊர்னு நமக்கும் தெரியாது. ரெண்டுல எதுவும் பண்ணலேன்னா இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அதுவாவே ஒத்துக்கும்.”

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. ஆக்னல் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “நாங்க போன் பண்ற வரைக்கும் எதையும் தொடாதப்பா. இது நம்ம முடிவு இல்ல.”

பள்ளங்கிக்கு ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் மேகம் முகத்தில் அடித்தது. ஜெயப்பிரியா பின்னால் உட்கார்ந்து, எப்படியாவது ஒத்துக்கொள்ளச் சொல்லவேண்டும் என்று வாதங்களை அடுக்கிக்கொண்டே வந்தாள்.

ரெஜினா வீட்டில் மதுரைக்குப் போகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஒரு சேலை, ஒரு டம்ளர், ஜெபமாலை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள். கேரட் தண்ணீரில் ஊறிய விரல்கள் இன்னும் சுருங்கியே இருந்தன. ஆக்னல் கேக் பெட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“எம் பேரையா எழுதியிருந்தா?”

“உங்க பேருதான். அவசரத்துக்குக் கூப்பிடுற எடத்துல.”

“எனக்குச் சொல்லவேயில்ல பாருங்க,” என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள். அது அழுகையாக வந்தது. மூச்சுக்குப் பயந்து அதையும் சின்னதாக, விட்டு விட்டு அழுதாள். கூடப் பிறந்தவளை நினைத்து முழுசாக அழக்கூட அந்த நெஞ்சில் இடமில்லை. ஜெயப்பிரியா போய் அவள் முதுகைத் தடவினாள்.

“ஒத்துக்கச் சொல்லுங்கக்கா. எடம் தெரிஞ்ச நிமிஷம் நான் கிளம்புறேன். எங்க இருந்தாலும் வெள்ளனே மதுரைக்குக் கூட்டிட்டு வந்துடுறேன். நீங்க கண்ணை மூடறதுக்கு…” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. “ஆபரேஷனுக்கு முன்னாடி பார்த்துடலாம்.”

“அவன் நம்பரும் கூடப் போகுமா?”

“போகும்,” என்றார் ஆக்னல்.

“அத மட்டும் அழிக்க ஏலாதா?”

“கம்பெனிக்கு எழுதிக் குடுத்தா தொண்ணூறு நாள்ல பார்ப்பாங்களாம்.”

ரெஜினா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே யாரோ கேரட் மூட்டையை ஜீப்பில் ஏற்றுகிற சத்தம். ஐந்து மணி தாண்டியிருந்தது.

“வேணாம் சார். நீங்க போய்ச் சேருறதுக்கு முந்தி அவன் போயிருவான். அவனுக்கு இதே சோலிதான்.” கண்ணைத் திறந்தாள். “நெராகரிக்கச் சொல்லிருங்க.”

“அக்கா! உங்களைத்தான் துரோகின்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க. கடைசி வரைக்கும்.”

“நெனச்சுட்டுப் போகட்டும் பிள்ள. உசுரோட இருந்து நெனைக்கட்டும்.”

ஜெயப்பிரியா ஆக்னலைப் பார்த்தாள். கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார், தோள் மட்டும் தெரிந்தது. “இன்னொண்ணு இருக்கு,” என்றார் திரும்பாமலே. “புதுசா சேரச் சொன்னா மறுபடி வயசுக்கு ஏதாவது கேப்பாங்க. அவங்க மறுபடி அந்த மில் பேப்பரைத்தான் நீட்டுவாங்க.”

ஜெயப்பிரியா வெளியே ஓடி, சிக்னல் கிடைக்கிற கல்லின்மேல் ஏறி கோகுல்ராஜை அழைத்தாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். “நிராகரிக்கும்போது காரணம் எழுத ஒரு கட்டம் இருக்காம். நூறு எழுத்து. புது எடத்து ஆபீசுக்குப் போகுமாம். அவங்க அக்காகிட்ட காட்டுனாலும் காட்டலாம், குப்பையில போட்டாலும் போடலாம். நாம சொல்றதை அப்படியே அடிக்கிறேங்கிறான்.”

ரெஜினாவைக் கைத்தாங்கலாக அந்தக் கல் வரைக்கும் கூட்டிப்போனார்கள். ஸ்பீக்கரில் கோகுல்ராஜின் மூச்சு கேட்டது. ரெஜினா போனைப் பார்த்து, அக்காவிடமே பேசுகிறவள் மாதிரி சொன்னாள்.

“அந்த மில் பேப்பரை எங்கயும் குடுக்காதக்கா. அதுலதான் அவன் நம்பரு இருக்கு.”

தட்டச்சு நின்றது. “இன்னும் முப்பது எழுத்து இருக்கு மேடம்,” என்றான் கோகுல்ராஜ்.

“நான் சொல்லலக்கான்னு போடுங்க!” ஜெயப்பிரியா அவள் கையைப் பிடித்தாள். “பத்து எழுத்துகூட வராதுக்கா. சொல்லுங்க. வெரசா சொல்லுங்க.”

ரெஜினா யோசித்தாள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் பதினெட்டுப் படி ஏறி வந்தவள்.

“ஒடிஞ்ச கையி,” என்றாள். “பக்கெட்டைத் தூக்காதேன்னு போடு தம்பி.”

அந்தப் பக்கம் விசைகள் தட்டுகிற ஒலி. ஐந்து நாற்பதுக்கு, “அனுப்பிட்டேன்க்கா,” என்றான் பையன். போய்ச் சேர்ந்ததா என்று ரெஜினா கேட்டாள். அது தெரியாது என்றான். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்து பையை அடுக்கினார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தை மடிக்கும்போது ஜெயப்பிரியா அதைப் பார்த்தாள். ரெஜினா எல்லாவற்றையும் நிரப்பியிருந்தாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு, அழுத்திப் போட்டது.

“இது என்னக்கா?”

“அக்கா பேரை எங்கயும் எழுத வேணாம்னுதான்.”

ஜெயப்பிரியா பேனாவை எடுத்தாள். காலியாக விட்டால் யாராவது நிரப்பிவிடுவார்கள். கோட்டுக்கு மேலேயே தன் பேரையும் நம்பரையும் எழுதினாள். உறவு என்று கேட்டிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு தங்கை என்று எழுதி, காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.